உங்களுக்குத் தெரியுமா? பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பிரேக் பேடு சென்சார்

✦ பிரேக் பேடு தேய்ந்ததும் டேஷ்போர்டில் விளக்கை எரியவைக்கும் சென்சார், பிரித்துப் பார்த்தால் வளைத்துவிட்ட ஒரு செம்பு வயர்தான். கறுப்பு பிளாஸ்டிக் தலைக்குள் அதைப் பொதித்து, பேடின் ஓரத்தில் உள்ள பள்ளத்தில் செருகியிருப்பார்கள். பேடு தேயத் தேய டிஸ்க் அந்தத் தலையை நெருங்கும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும்போது முதலில் பிளாஸ்டிக் உரசும், பிறகு வயர் அறுபடும், உடனே விளக்கு எரியும். போர்ஷே 911, பாக்ஸ்டர், பி.எம்.டபிள்யூ இஸட்3 ஆகியவற்றில் இருப்பது இந்த வகை.

✦ மந்தைவெளியிலோ அடையாறிலோ பழைய ஜெர்மன் கார் பார்க்கும் பட்டறையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "சார், பேடு நல்லாத்தான் இருக்கு, சென்சார் வயர்தான் போச்சு. கட் பண்ணி ஜாயின்ட் அடிச்சு விட்டுடவா? லைட் எரியாது." சொல்பவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அந்தக் காருக்குச் சென்சார் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருக்கும், வண்டி லிஃப்டில் நின்றுகொண்டிருக்கும், கார்க்காரர் அவசரத்தில் இருப்பார். ஆனாலும் தெருவில் ஓடும் காராக இருந்தால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காரணங்கள் கீழே ஒவ்வொன்றாக வருகின்றன.

✦ பழைய மெர்சிடிஸ்களில் கதை தலைகீழ். அங்கே பேடுக்குள் இருப்பது ஒற்றை வயர். அதன் முனை டிஸ்க்கைத் தொட்டு எர்த் ஆனால்தான் விளக்கு எரியும். இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. போர்ஷே வகையில் வயர் எங்கே அறுந்தாலும் விளக்கு எரிந்து உங்களைக் கூப்பிடும். அது பொய் அலாரமாக இருக்கலாம், ஆனால் பாதுகாப்பான பொய். மெர்சிடிஸ் வகையில் வயர் வழியிலேயே அறுந்துபோனால் சத்தமே இல்லை. பேடு முழுக்கத் தேய்ந்து இரும்பு இரும்போடு உரசினாலும் விளக்கு எரியாது. சோதிக்கும் வழி எளிது: இக்னிஷனை ஆன் செய்துவிட்டு, காலிப்பர் பக்கம் உள்ள சென்சார் கனெக்டரைக் கழற்றி, காரிலிருந்து வரும் வயர் முனையைச் சுத்தமான இரும்பில் தொடுங்கள். விளக்கு எரிந்தால் லைன் உயிரோடு இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை செய்யவேண்டிய வேலை. பலர் கார் வாங்கியதிலிருந்து ஒருமுறைகூடச் செய்ததில்லை.

✦ விளக்கு எரியவில்லை என்றால் நாலு சக்கரமும் சரி என்று அர்த்தமில்லை. அந்தக் காலத்துப் பி.எம்.டபிள்யூ பலவற்றில் சென்சார் இரண்டே இடத்தில்தான்: முன்னால் இடது சக்கரம், பின்னால் வலது சக்கரம். முன்னால் வலது பக்கத்துக் காலிப்பர் இறுகி அந்தப் பேடு மட்டும் கரைந்தால் காருக்குத் தெரியாது. 1996-இல் வந்த முதல் பாக்ஸ்டரிலும் 1997-இல் வந்த 996 வகை 911-இலும் ஒவ்வொரு பேடிலும் சென்சார் உண்டு. சக்கரத்துக்கு இரண்டு, மொத்தம் எட்டு. ஆகவே பாக்ஸ்டரில் ஒரு சென்சாரை ஜாயின்ட் அடிப்பதும், இஸட்3-இல் அடிப்பதும் ஒன்றல்ல. இஸட்3-இல் ஓர் அச்சின் மொத்தக் காவலும் அந்த ஒரு வயர்தான்.

✦ டேஷ்போர்டில் வட்டம், அதன் இரு பக்கமும் விட்டுவிட்டு வரைந்த வளைகோடு. அதுதான் பேடு தேய்மான விளக்கு. வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி வந்தால் பிரேக் ஆயில் அல்லது ஹேண்ட்பிரேக். ஏ.பி.எஸ். என்று எழுத்தில் வந்தால் சக்கரத்தின் வேகத்தை அளக்கும் வேறொரு சென்சார். பேடு விளக்கும் ஏ.பி.எஸ். விளக்கும் சக்கரத்துக்குப் பின்னால் இருந்து வரும் வயர்களைச் சார்ந்தவை என்பதால், "சென்சார் போச்சு" என்று சொல்லும்போது எந்தச் சென்சார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

✦ ஓட்டுநரோடு சேர்த்து 1,300 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் இருந்து நிற்கும்போது, பிரேக்குகள் விழுங்கும் ஆற்றல் சுமார் 5 லட்சம் ஜூல். ஒன்றரை லிட்டர் தண்ணீரை அடுப்பில் வைத்துக் கொதிக்கவைக்கும் வெப்பம் அது; ஓங்கி மிதித்தால் மூன்று நொடியில் அவ்வளவும் டிஸ்க்கிலும் பேடிலும் ஏறிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. பேடு மெலிந்திருந்தால் அந்த வெப்பம் பிஸ்டனுக்கும், அதன் பின்னால் இருக்கும் ஆயிலுக்கும் சீக்கிரம் போய்ச் சேரும். "இன்னும் ரெண்டு மில்லி இருக்கே, ஓட்டலாம்" என்பது தி.நகர் போக்குவரத்தில் ஓட்டும் காருக்கு ஒருவேளை பொருந்தும். ஈ.சி.ஆரில் முட்டுக்காடு தாண்டி ஆக்ஸிலரேட்டரை அழுத்தும் காருக்குப் பொருந்தாது.

✦ டிஸ்க் பிரேக்குக்கு ஃபிரெடரிக் லாஞ்செஸ்டர் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியது 1902-இல். அது பந்தயத்தில் பெயர் வாங்க அரை நூற்றாண்டு ஆனது: 1953 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் சி-டைப் வென்றது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியதும் அதே 1953-இல்தான்.

✦ 1956-இல் டிரையம்ஃப் டி.ஆர்.3 என்ற திறந்த ஸ்போர்ட்ஸ் காரில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்தது. அந்தப் பிரேக்கைச் செய்தவர்கள் கர்லிங். ஆறு ஆண்டுகள் கழித்து, 1962-இல், அதே கர்லிங்கின் தொழில்நுட்பத்தோடு டி.வி.எஸ். குழுமம் பாடியில் தொடங்கியதுதான் பிரேக்ஸ் இந்தியா. வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தயாரித்த ஹெரால்டு கார், டி.ஆர்.3-ஐச் செய்த நிறுவனத்தின் டிரையம்ஃப் ஹெரால்டுதான்.

✦ பிரேக் லைனிங் விஷயத்தில் சென்னை சாதாரண ஊர் அல்ல. 1964-இல் தொடங்கிய ரானே பிரேக் லைனிங் அம்பத்தூரில், 1974-இல் தொடங்கிய சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் பாடியில். ரானே குழுமத்தின் தலைமை அலுவலகம் மயிலாப்பூரிலிருந்து கூப்பிடு தூரத்தில், கதீட்ரல் சாலையில் இருக்கிறது. உராய்வுப் பொருளை எப்படிக் கலப்பது, எவ்வளவு சூட்டில் இறுக்குவது என்று அறுபது ஆண்டுகளாகப் பழகிய ஊர் இது. இந்த ஊரில் நல்ல பேடு பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடைக்காமல் போகாது. உங்கள் பழைய காருக்குச் சென்சார் பள்ளம் இல்லாத பேடுதான் கிடைக்கிறது என்றால், டிரில் வைத்துப் பள்ளம் தோண்டச் சொல்லாதீர்கள். இறுக்கிச் சுட்ட பொருளில் துளை போட்டால் விரிசல் விடும். பள்ளம் உள்ள பேடைத் தேடி வாங்குங்கள், காத்திருக்க வேண்டியிருந்தாலும்.

✦ பெசன்ட் நகர், சாந்தோம், திருவான்மியூர் பக்கம் கார் வைத்திருப்பவர்களுக்கு: சென்சார் விளக்கு எரிந்தால் பேடைக் குறைசொல்லும் முன் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். கடற்காற்றின் உப்பும் ஈரமும் ஊசிமுனைச் செம்பில் பச்சைக் களிம்பு ஏற்றிவிடும். மின்சாரம் விட்டுவிட்டுப் போகும். விளக்கும் ஒரு நாள் எரியும், மறுநாள் எரியாது. மழைநாளில் மட்டும் எரிந்து வெயிலில் அணைந்தால் சந்தேகமே வேண்டாம், களிம்புதான். கான்டாக்ட் கிளீனர் அடித்து, மெல்லிய தூரிகையால் தேய்த்து, மின் இணைப்புக்கென்றே விற்கும் கிரீஸை ஒரு பொட்டு வைத்து மூடுங்கள். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சக்கரம் மூழ்க நின்ற கார்களில், எஞ்சின் தப்பியிருந்தால்கூட இந்தக் கனெக்டர்களைத் திறந்து பார்த்தே ஆகவேண்டும்.

✦ மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் சுலபம். போர்ஷே வகைச் சென்சாரைக் கழற்றி, அதன் இரண்டு ஊசிகளிலும் மீட்டரை வையுங்கள். 'பீப்' கேட்டால் சென்சார் நல்லது, கோளாறு வேறெங்கோ. பீப் இல்லை என்றால் வயர் அறுந்திருக்கிறது. அது தேய்ந்து அறுந்ததா, சூட்டில் உதிர்ந்ததா என்பது முனையைப் பார்த்தாலே தெரியும். தேய்ந்த முனை வழவழப்பாக, பளபளவென்று ஒரு செம்புப் பொட்டோடு இருக்கும். சூட்டில் போனது வயர் தொடங்கும் கழுத்தில் ஒடிந்திருக்கும், தொட்டால் பிளாஸ்டிக் பொடியாகும். பிற்காலத்து பி.எம்.டபிள்யூக்களில் இரண்டு கட்டச் சென்சார், உள்ளே ரெசிஸ்டர் உண்டு. அவற்றுக்கு இந்தப் பீப் சோதனை பொருந்தாது.

✦ விளக்கு எரியும் முன்பே பேடை மாற்றினால், டிஸ்க் தொடாத சென்சாரைத் திரும்பப் போடலாம்! புதிது வாங்கியே ஆகவேண்டும் என்று யாராவது சொன்னால் பழையதைக் கையில் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். முனை முழுசாக இருந்து, பிளாஸ்டிக்கும் நொறுங்காமல் வந்தால் அது இன்னும் வேலை செய்யும். பத்துப் பதினைந்து வருடச் சூடு பட்டது பெரும்பாலும் கழற்றும்போதே ஒடிந்துவிடும். அப்படி ஒடிவதுதான் பலரை "வேண்டாம், ஜாயின்ட் அடி" என்ற முடிவுக்குத் தள்ளுகிறது. சென்சாரைப் பேடோடு சேர்ந்து தேயும் பொருளாகக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பேடு வாங்கும்போதே ஒரு செட் சென்சாரும் சேர்த்து வரவழைத்தால் லிஃப்டில் கார் நிற்கும்போது அவசர முடிவு எடுக்க வேண்டியதில்லை.

✦ ராயப்பேட்டை ஜி.பி. ரோடு, எழும்பூரை ஒட்டிய புதுப்பேட்டை. சென்னையில் காருக்கு எந்தச் சாமான் தேடினாலும் கால்கள் போகும் இடங்கள் இந்த இரண்டுதான். கழற்றிய காலிப்பர், கனெக்டர், வயரிங் துண்டு ஆகியவற்றுக்குப் புதுப்பேட்டையை விட்டால் வேறு கதி இல்லை என்ற நிலைகூட வரும். ஒடிந்த கனெக்டர் கூட்டை அங்கே தேடி எடுத்து ஒட்டவைத்த சாமர்த்தியசாலிகள் இந்த ஊரில் நிறைய. ஆனால் பழைய பேடும் பழைய சென்சார் தலையும் மட்டும் வேண்டாம். எந்தச் சூட்டைக் கண்டது, எத்தனை ஆண்டு கிடந்தது என்று யாராலும் சொல்ல முடியாத பொருள்கள் அவை.

✦ "ரேஸ் காருக்கு ஏது சென்சார்? எங்களுக்கு எதுக்கு?" இருங்காட்டுக்கோட்டையில் வார இறுதியில் டிராக்கில் ஓட்டுபவர்களிடம் இந்தக் கேள்வி வரும். பாதி உண்மை இருக்கிறது. 1990-இல் திறந்த அந்த 3.7 கிலோமீட்டர் டிராக்கில் சுற்றுக்குச் சுற்று ஓங்கி மிதிக்கும் சூட்டில், சாதாரணச் சென்சாரின் பிளாஸ்டிக் உருகிவிடும். டிராக் பேடு பலவற்றில் சென்சாருக்குப் பள்ளமே வைப்பதில்லை. ஆனால் உச்சியில் நிலைமை வேறு. ஃபார்முலா 1 காரில் பேடும் டிஸ்க்கும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்பதைச் சென்சார்கள் அளந்து பிட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். 24 மணி நேரப் பந்தயக் கார்களின் காலிப்பர்களிலும் தேய்மானம் அளக்கும் கருவி பொருத்துகிறார்கள். 2010-இல் ஃபார்முலா 1 ஓட்டிய சென்னைக்காரர் கருண் சந்தோக்கின் காலத்திலேயே பிரேக் தேய்மானத்தைக் கண்காணிப்பது பொறியாளர்களின் அன்றாட வேலை. ஆகவே டிராக்குக்காகச் சென்சாரை எடுக்கலாம், ஆனால் அதன் வேலையை யாராவது செய்யவேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பேடைக் கண்ணால் பார்ப்பவர் மட்டும் எடுக்கட்டும்.

✦ 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1. தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டரில், இரவு விளக்குகளின் கீழ், ஃபார்முலா 4 தெருப் பந்தயம். 2023 டிசம்பரில் நடந்திருக்க வேண்டியது, மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது. விமான ஓடுபாதையில் தொடங்கிய சோழவரம் பந்தயங்களைப் பார்த்தவர்கள், நேப்பியர் பாலத்துப் பக்கமே பந்தயக் கார் பிரேக் பிடிப்பதைப் பார்த்தார்கள்.

✦ சென்சாரை எடுத்தே ஆகவேண்டும் என்றால் வயரை வெட்டாதீர்கள். தலை முழுசாக இருக்கும் சென்சாரைப் பேடிலிருந்து கழற்றி, டிஸ்க்கும் டயரும் தொடாத இடத்தில், காலிப்பர் சூடு எட்டாத தூரத்தில் கேபிள் டை போட்டுக் கட்டிவிடலாம். சர்க்யூட் மூடியே இருக்கும், விளக்கு எரியாது. தெருப் பேடு மாட்டும் நாளில் திரும்பச் செருகிக்கொள்ளலாம். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுசாகத் திருப்பி, வயர் எங்கும் இழுபடவில்லை என்று பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.

✦ சென்சார் வைத்திருக்கச் சொல்வதற்கு என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரிய காரணம் இதுதான். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவருக்குத் தன் காரின் பேடு எவ்வளவு இருக்கிறது என்று மனப்பாடமாகத் தெரியும். ஆனால் அந்தக் காரை அவர் மட்டும் ஓட்டுவதில்லை. டிசம்பர் கச்சேரி சீசனுக்கு அமெரிக்காவிலிருந்து வரும் மகன், "அப்பா, சாவி குடுங்க, மகாபலிபுரம் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வர்றேன்" என்பான். கழுவித் துடைக்கும் டிரைவர் அண்ணன் பெட்ரோல் போட எடுத்துப் போவார். கல்யாண மண்டபத்து வாசலில் பார்க்கிங் பையன் கையில் சாவி போகும். அவர்களில் யாருக்கும் உங்கள் மனப்பாடம் தெரியாது. டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தால் எல்லோருக்கும் தெரியும். ராஜா அண்ணாமலைபுரத்திலும் கஸ்தூரிபாய் நகரிலும் உறை போட்டு மூடி வைத்திருக்கும் கார்களில் எத்தனையோ, அப்பா காலத்தவை. அடுத்து ஓட்டப்போகிறவரை நினைத்தால் வயரை வெட்டும் கை தானாக நிற்கும்.

✦ சென்சாரால் பார்க்க முடியாத ஒன்று: துரு. ஐப்பசி, கார்த்திகை மழையில் கார் வாரக்கணக்கில் நின்றால், பேடின் பின்னால் உள்ள இரும்புத் தகட்டில் துரு ஏறி, உராய்வுப் பொருளை உள்ளிருந்து நெம்பித் தூக்கிவிடும். தடிமன் பத்து மில்லிமீட்டர் இருக்கும், சென்சார் சமர்த்தாக இருக்கும், பேடு மட்டும் தகட்டை விட்டுப் பிரிந்துகொண்டிருக்கும். தகட்டுக்கும் பேடுக்கும் நடுவே மயிரிழைக் கோடு தெரிந்தாலே மாற்றிவிடுங்கள். மழைக்காலத்தில் நீண்ட நாள் நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

✦ ஒரு ராத்திரி மழையில் நின்ற காரை எடுக்கும்போது முதல் இரண்டு மூன்று மிதிக்குக் கரகரவென்று சத்தம் வருவது டிஸ்க் மேல்துரு. அது உடனே போய்விடும். போகவில்லை என்றால் சக்கரத்தைக் கழற்றுங்கள்.

✦ இரண்டாவது சென்சார் ஒன்று எல்லாக் கார்களிலும் இருக்கிறது: பிரேக் ஆயில் டப்பா. பேடு தேயும் அளவுக்குப் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை ஆயில் நிரப்பும், டப்பாவில் மட்டம் மெல்ல இறங்கும். கசிவில்லாமல் மட்டம் இறங்கியிருந்தால் பேடு தேய்ந்திருக்கிறது என்று பொருள். இங்கேதான் நல்லெண்ணத்தோடு ஒரு கெடுதல் நடக்கிறது: சர்வீஸில் மட்டம் குறைவாக இருப்பதைப் பார்த்து மேலே வரை ஊற்றிவிடுகிறார்கள். அந்த நிமிடமே அந்த எச்சரிக்கை அழிந்துபோகிறது. பிறகு புதுப் பேடு போடப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது, மிச்ச ஆயில் பொங்கி வழிந்து பெயின்ட்டை அரித்துவிடும். சென்சாரையும் ஜாயின்ட் அடித்து, ஆயிலையும் நிரப்பிவிட்ட காரில், பேடைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே மிஞ்சவில்லை.

✦ டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 டிகிரி வரை இறங்கலாம். காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பது அதன் குணம். சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். சென்சார் இதையும் சொல்லாது.

✦ ஏலகிரி மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்கள். கொல்லிமலையில் வளைவுகள் 70. சென்னையிலிருந்து சனிக்கிழமை கிளம்பும் கார்க் கூட்டங்கள் விரும்பிப் போகும் மலைகள் இவை. ஏறும்போது எஞ்சினுக்குச் சோதனை, இறங்கும்போது பிரேக்குக்கு. கிளம்பும் முன் பேடைப் பாருங்கள். இறங்கும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள். பாதி மலையில் பேடு விளக்கு எரிந்தால் பதற வேண்டாம். உடனே பிரேக் போய்விடாது, ஆனால் பேடின் கடைசி மில்லிமீட்டர்கள் தொடங்கிவிட்டன. மெதுவாக இறங்கி, அடிவாரத்தில் நிறுத்தி, சக்கரம் ஆறியதும் பாருங்கள்.

✦ மாஸ்டா எம்.எக்ஸ்-5 போன்ற ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்களில் வயர் கிடையாது. பேடில் ஒரு சிறு ஸ்பிரிங் தகடு இருக்கும். பேடு தேய்ந்ததும் அது டிஸ்க்கை உரசிக் கீச்சிடும். ஏ.சி. போட்டுக் கண்ணாடி ஏற்றி, அண்ணா சாலையில் போனால் அது கேட்காது. விடியற்காலையில் மயிலாப்பூர் மாட வீதியின் ஒரு சந்தில், கண்ணாடியை இறக்கி, இரு பக்கச் சுவர்களுக்கு நடுவே மெல்ல ஓட்டுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் கீச்சுச் சத்தம் தெளிவாகக் காதில் விழும். இந்தத் தகட்டை வளைத்துவிட்டு "சத்தம் போச்சு சார்" என்பதும் ஜாயின்ட் அடிப்பதும் ஒரே தவறு.

✦ டிரம் பிரேக் உள்ள பைக்கில் பின்சக்கரத்தைக் குனிந்து பாருங்கள். பிரேக் நெம்புகோலின் அடியில் சிறு அம்புக்குறி, டிரம் மூடியில் ஒரு கோடு. பிரேக்கை முழுக்க மிதிக்கும்போது அம்பு கோட்டைத் தொட்டால் லைனிங் முடிந்தது. ஒரு மின்கம்பியும் இல்லாத தேய்மான சென்சார்.

✦ கார் பிரேக்குக்கான ஐ.நா. விதிமுறை ஆர்-13 ஹெச், பேடு தேய்மானத்தை வெளியிலிருந்தோ அடியிலிருந்தோ சுலபமாகப் பார்க்க முடியவேண்டும் என்கிறது. அதற்குப் பதிலாக ஓட்டுநருக்கு ஒலியாலோ ஒளியாலோ எச்சரிக்கை தரலாம் என்றும் அனுமதிக்கிறது. சென்சாரை எடுத்தால், பார்க்கும் பொறுப்பு முழுசாக உங்கள் கண்ணுக்கு வருகிறது.

✦ சரி, எப்படிப் பார்ப்பது? ஸ்போர்ட்ஸ் காரின் அலாய் சக்கரங்கள் பெரும்பாலும் அகலமாகத் திறந்திருக்கும். செல்போன் டார்ச்சை அடித்தால் வெளிப்பக்கப் பேடு தெரியும். உள்பக்கப் பேடுதான் ஒளிந்திருக்கும். நழுவு காலிப்பர் உள்ள கார்களில் காலிப்பர் நழுவும் முள் இறுகினால் முதலில் தேய்வதும் உள்பக்கப் பேடுதான். செல்போனில் வீடியோவை ஓடவிட்டு, கையை டயருக்குப் பின்னால் நீட்டி எடுத்துப் பாருங்கள். பார்க்கும்போது பலர் செய்யும் பிழை, இரும்புத் தகட்டையும் சேர்த்து அளப்பது. தகடே ஐந்தாறு மில்லிமீட்டர் இருக்கும். கணக்கில் வருவது டிஸ்க்கைத் தொடும் கறுத்த பகுதி மட்டும். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். அதையும் படித்துவிடுங்கள்.

✦ பழைய கடைச் சரக்காகக் கிடைக்கும் பேடுகளில் கல்நார் இருக்கக்கூடும். காலிப்பரைக் கம்பிரஸர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்ய விடாதீர்கள். பிரேக் கிளீனர் அடித்து, ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். வேலை செய்யும் பையனுக்கு முகக்கவசம் வாங்கிக்கொடுங்கள்.

✦ 2001-இல் போர்ஷே 911 ஜி.டி.2 காரோடு செராமிக் டிஸ்க்குகள் வந்தன; மஞ்சள் காலிப்பர்களை வைத்து அடையாளம் காணலாம். இரும்பு டிஸ்க்கைவிட அவற்றின் விலை பல மடங்கு. பேடு தீர்ந்து தகடு உரசினால் போவது அந்த டிஸ்க். அத்தகைய காரில் சில ஆயிரத்துக்காகச் சென்சாரை விடுவது எந்தக் கணக்கிலும் நியாயமாகாது.

✦ 15 ஆண்டு தாண்டிய சொந்தக் காருக்குப் பதிவைப் புதுப்பிக்க, அடையாறுக்காரர்கள் திருவான்மியூருக்கும் மயிலாப்பூர்க்காரர்கள் மந்தைவெளிக்கும் வண்டியைக் கொண்டுபோவார்கள். டி.என். 07-உம் டி.என். 06-உம் அந்த அலுவலகங்களின் எண்கள். 2022 ஏப்ரல் முதல் இறக்குமதிக் காருக்கு அந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 40,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தில் 20 ஆண்டு தாண்டிய இறக்குமதிக் காருக்கு 80,000. இவ்வளவு கட்டி ஒரு காரைத் தெருவில் வைத்திருக்க நினைப்பவர், நாலு சக்கரத்துச் சென்சாரையும் உயிரோடு வைத்திருக்கத் தயங்க வேண்டியதில்லை.

✦ பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறீர்களா? விற்பவர் நல்லவராகவே இருக்கலாம், அவருக்கு முன்னால் வைத்திருந்தவர் என்ன செய்தார் என்று அவருக்கும் தெரிந்திருக்காது. சாவியைத் திருப்பி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் டேஷ்போர்டைப் பாருங்கள். எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரியும், அவற்றில் பெரும்பாலானவை சில நொடிகளில் அணையும். பேடு விளக்கு எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம், அல்லது பல்பு போயிருக்கலாம். எரிந்து அணைந்தால் அடுத்த சோதனை: போர்ஷே, பி.எம்.டபிள்யூ என்றால் ஒரு சென்சார் கனெக்டரைக் கழற்றிவிட்டு மறுபடி இக்னிஷனைப் போடுங்கள். விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை என்றால் அந்தக் கனெக்டருக்கு மேலே எங்கோ இரண்டு வயர்களை முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள். வீல் ஆர்ச்சின் உள்பக்கம் டார்ச் அடித்துத் தேடுங்கள், கறுப்பு டேப் தெரியும். விலை பேசும் முன் அதைக் காட்டுங்கள். நாலு சக்கரத்தையும் கழற்றிப் பேடு, டிஸ்க் அளவு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.